தொலைபேசி யாருடையது? குறையை யாரிடம் சொல்வது?

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரையான எமது கரையோரத்தில் இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. கரைவலைச் சம்மாட்டியிடமும் உண்டு, கருவாடு காயவைக்கும் பெண்ணிடமும் உண்டு, உப்பளத்தில் கூலி வேலை செய்பவரிடமும் உண்டு. தென்னந்தோப்புகளுக்கு மேலே உயர்ந்து நிற்கும் கோபுரங்களும் பலருக்குப் பழகிய காட்சிதான். ஆனால் அந்தக் கோபுரம் யாருடையது, அதற்கு அனுமதி கொடுத்தவர் யார், அது வேலை செய்யாமற் போனால் பொறுப்புக் கூற வேண்டியவர் யார் என்று கேட்டால் எம்மில் பெரும்பாலானோருக்குப் பதில் தெரியாது. மீள்நிரப்பும் கடைக்காரரிடம் குறை சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறோம். அவருக்கும் தெரியாது.

இது சிறிய விடயமல்ல. கடலுக்குப் போன படகு நேரத்துக்குத் திரும்பாதபோதும், பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுக்கு நள்ளிரவில் வாகனம் தேவைப்படும்போதும், ஆறு பெருகி வீதியை மூடும்போதும் தொலைபேசி என்பது வசதியல்ல, உயிர். ஆகவே இந்தச் சேவையை நடத்தும் நிறுவனங்கள் எவை, அவை எப்படி இந்த நிலைக்கு வந்தன, அவற்றிடம் எமக்குள்ள உரிமைகள் எவை என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

எல்லாம் ஒரே கந்தோரில் இருந்த காலம்

இலங்கையின் முதலாவது தந்திக் கம்பி 1858 ஆம் ஆண்டு கொழும்புக்கும் காலிக்கும் இடையே இயங்கத் தொடங்கியது. 1880 ஆம் ஆண்டில் கொழும்புக்குத் தொலைபேசி வந்தது. அதன் பின்னர் நீண்ட காலம் கடிதம், காசுக்கட்டளை, தந்தி, தொலைபேசி ஆகிய நான்கும் ஒரே அரச திணைக்களத்தின் கீழ் இருந்தன. கிராமத்தவர்களுக்கு அந்தத் திணைக்களம் என்றால் தபாற்கந்தோர்தான். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் அங்கே பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தந்திச் சேவகன் சைக்கிளில் வந்தால் என்ன துக்கச் செய்தியோ என்று வீடே நடுங்கும்.

1980 ஆம் ஆண்டு தொலைத்தொடர்பு தபால் சேவையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித் திணைக்களமானது. ஆனால் தொலைபேசி இணைப்புக்கு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நிலை மாறவில்லை. இணைப்புகளிற் பெரும்பகுதி கொழும்பிலும் அதைச் சூழவுமே இருந்தது. கரையோரக் கிராமமொன்றில் தொலைபேசி இருந்தால் அது தபாற்கந்தோரிலோ, பங்குத்தந்தையின் இல்லத்திலோ, பெரிய முதலாளியின் வீட்டிலோதான் இருக்கும்.

போர் இந்தத் தனிமையை இன்னும் கொடிதாக்கியது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பான்மையோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். யாழ்ப்பாணத்துடனான தொலைபேசித் தொடர்பு பல ஆண்டுகள் அறுந்திருந்த காலம் அது. விட்டுவந்த வீட்டின் கதி என்ன, அயலவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை அறிய வழியின்றி ஒரு தலைமுறை ஓலைக் கொட்டில்களில் காத்திருந்தது. தொடர்பு அறுவது எத்தகைய வறுமை என்பதை எமது மாவட்டம் அனுபவத்தால் அறியும்.

திணைக்களம் கம்பனியான கதை

1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டம் திணைக்களத்தின் பணிகளைக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைத்தது. 1996 இல் அந்தக் கூட்டுத்தாபனம் ஸ்ரீலங்கா ரெலிகொம் என்னும் கம்பனியாக மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு, 1997 இல், அதன் பங்குகளில் 35 வீதத்தை ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் வாங்கி, முகாமைத்துவத்தையும் பொறுப்பேற்றது. 2003 ஜனவரியில் அது கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 2008 இல் ஜப்பானிய நிறுவனம் தன் பங்குகளை விற்று வெளியேற, மலேசிய முதலீட்டாளர்களின் கம்பனியொன்று அவற்றை வாங்கியது. ஏறக்குறைய 49.5 வீதப் பங்குகள் அரசின் சார்பிற் திறைசேரியிடம் இருந்து வந்துள்ளன.

பொருளாதார நெருக்கடிக்குப் பின், 2023 இல், இந்த அரச பங்குகளையும் விற்பதற்கு அப்போதைய அரசாங்கம் தீர்மானித்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 2024 இல் ஆட்சி மாறிய பின்னர் அந்த விற்பனை கைவிடப்பட்டது. ஆகவே இன்றைய ரெலிகொம் பாதி அரச நிறுவனம், பாதி தனியார் கம்பனி என்றே சொல்ல வேண்டும்.

இதற்குச் சமாந்தரமாகத் தனியார் நிறுவனங்களும் களத்தில் இறங்கின. 1989 இல் செல்டெல் நிறுவனம் கைத்தொலைபேசிச் சேவையை ஆரம்பித்தது. 1990களில் மொபிடெல், டயலொக் ஆகியன வந்தன. 1996 இல் சண்டெல், லங்கா பெல் ஆகிய நிறுவனங்கள் கம்பியில்லாத நிலையான தொலைபேசியைக் கொண்டுவந்தன. பின்னர் பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் கதையும் நடந்தது. 2002 இல் மொபிடெல் முழுமையாக ரெலிகொம்முக்குச் சொந்தமானது. 2018 இல் எற்றிசலாற், ஹட்ச் நிறுவனத்துடன் இணைந்தது. 2024 இல் எயார்டெல்லை டயலொக் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. பல கடைகள் இருந்த சந்தையில் இன்று கைத்தொலைபேசிக்கு மூன்று பெரிய கடைகளே எஞ்சியுள்ளன. கடைகள் குறைந்தால் பேரம் பேசும் வலுவும் குறையும் என்பது மீன் விற்கும் எமது மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெற்றது என்ன, இழந்தது என்ன?

நேர்மையாகக் கணக்குப் பார்ப்போம். இந்த மாற்றத்தால் நாம் பெற்றது பெரிது. காத்திருப்போர் பட்டியல் மறைந்தது. நாட்டின் சனத்தொகையை விடக் கைத்தொலைபேசி இணைப்புகளின் எண்ணிக்கை அதிகமாயிற்று. கற்பிட்டி மீனவர் கொழும்பு பேலியகொடைச் சந்தையின் விலையைக் கேட்ட பின்பே தரகரிடம் விலை பேசலாம். வெளிநாட்டில் வேலை செய்யும் தாயின் முகத்தைப் பிள்ளை தினமும் பார்க்கலாம். பழைய திணைக்களம் இதை இந்த வேகத்திற் செய்திருக்காது.

இழந்ததும் உண்டு. அன்று குறை இருந்தால் தபாலதிபரிடம் போய் நேரிற் சொல்லலாம். அவர் செய்தாரோ இல்லையோ, பொறுப்பான ஒரு முகம் கிராமத்தில் இருந்தது. இன்று சேவை வீட்டுக்குள் வந்துவிட்டது. பொறுப்பு தூரப் போய்விட்டது. குறையைச் சொல்ல எண்ணை அழுத்தினால் இயந்திரம் பேசுகிறது. அத்துடன், கம்பனி ஒன்று கோபுரம் அமைக்கும் முன்பு அங்கே எத்தனை பேர் எவ்வளவு செலவழிப்பார்கள் என்று கணக்குப் பார்க்கும். நகரில் நான்கு கோபுரங்கள் அருகருகே நிற்க, களப்பின் மறுகரையில் சில வாடிகளும் நூறு குடும்பங்களும் மட்டுமே உள்ள இடத்தில் சிக்னல் தேடி மணல் மேட்டில் ஏறி நிற்பதற்குக் காரணம் இதுதான். இலாபம் தராத இடத்துக்கும் சேவை போக வேண்டுமானால் அதைச் சட்டத்தாலும் பொது நிதியாலும்தான் செய்விக்க முடியும்.

மத்திய அமெரிக்காவிலிருந்து ஒரு பாடம்

இதே கேள்வியை வேறொரு சிறு நாடு எப்படி எதிர்கொண்டது என்று பார்ப்பது பயனுள்ளது. கொஸ்ரா ரிக்கா ஐம்பது இலட்சம் அளவிலான மக்களைக் கொண்ட நாடு. அங்கே 1949 இல் மின்சாரத்துக்காக அரச நிறுவனமொன்று உருவாக்கப்பட்டது. 1963 இல் தொலைத்தொடர்பும் அதனிடமே ஒப்படைக்கப்பட்டது. அந்த நிறுவனம் மலைக் கிராமங்களுக்கும் மின்சாரத்தையும் தொலைபேசியையும் கொண்டு சென்றதால் மக்கள் அதைத் தமது சொத்தாகவே கருதினர்.

2000 ஆம் ஆண்டு அதைத் தனியாருக்குத் திறந்துவிடும் சட்டமூலம் வந்தபோது மாணவர்களும் தொழிலாளர்களும் விவசாயிகளும் வீதிக்கு இறங்கினர். சட்டமூலம் நிறுத்தப்பட்டது. பின்னர் அமெரிக்காவுடனான வர்த்தக ஒப்பந்தத்தின் பகுதியாக அதே விடயம் மீண்டும் வந்தது. இம்முறை 2007 ஒக்டோபர் 7 ஆம் திகதி மக்கள் தீர்ப்பு வாக்கெடுப்பு நடத்தப்பட்டு, மிகச் சிறிய பெரும்பான்மையால் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. 2008 இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும், தனியான ஒழுங்குபடுத்தும் நிறுவனமும், வறிய மக்களுக்கும் தொலைதூர இடங்களுக்கும் சேவை வழங்கக் கம்பனிகளிடம் பணம் அறவிடும் நிதியமும் உருவாயின. 2011 இல் வெளிநாட்டுக் கம்பனிகள் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கின. ஆனாலும் அரச நிறுவனம் விற்கப்படவில்லை; போட்டியிட்டு நிற்கிறது.

அங்கும் குறைகள் உண்டு. அரச நிறுவனத்தின் தாமதமும், நிதியத்தின் பணம் மெதுவாகச் செலவிடப்படுவதும் அங்கே விமர்சிக்கப்பட்டன. ஆனால் எமக்கு முக்கியமானது வேறொன்று. தொலைபேசி யாருடையது என்பதை அந்த நாட்டு மக்கள் வீதியிலும் வாக்குச் சாவடியிலும் விவாதித்தார்கள். எமது நாட்டில் 1991, 1996, 1997 ஆகிய ஆண்டுகளின் மாற்றங்கள் கரையோரக் கிராமங்களில் எவரிடமும் கேட்கப்படாமலே நடந்தன.

எனினும் எமது மாவட்டம் எப்போதும் மௌனமாக இருந்ததில்லை. சிலாபத்துக்கு அண்மையிலுள்ள இரணவிலயில் அமெரிக்காவின் குரல் வானொலி அஞ்சல் நிலையம் அமைக்கத் திட்டமிட்டபோது, 1990களில் மீனவ மக்களும் குருக்களும் தமது நிலத்துக்காகவும் தொழிலுக்காகவும் எதிர்ப்புத் தெரிவித்தனர். நிலையம் கட்டப்பட்டது உண்மை. 2016 இல் அதன் ஒலிபரப்பு நின்றது. 2020 இல் அதே வளாகம் கொரோனா சிகிச்சை நிலையமாகப் பயன்பட்டது. வானலைக்கும் நிலத்துக்கும் கடலுக்கும் தொடர்புண்டு என்பதை அந்த மக்கள் அன்றே உணர்த்தினர்.

மூன்று கதிரைகள்

தொலைத்தொடர்பை விளங்கிக்கொள்ள மூன்று கதிரைகளை மனதில் வைத்தாற் போதும். முதலாவது கதிரையில் இருப்பவர் சேவை வழங்குபவர், அதாவது கம்பனி. இரண்டாவது கதிரையில் இருப்பது 1996 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினால் உருவான இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அனுமதிப்பத்திர நிபந்தனைகளைக் கண்காணிப்பதும், கட்டணங்களை ஆராய்வதும், அலைவரிசைகளைப் பகிர்வதும், பாவனையாளர் முறைப்பாடுகளை விசாரிப்பதும் அதன் பணிகள். மூன்றாவது கதிரையில் இருப்பது அரசாங்கம். அமைச்சரே அனுமதிப்பத்திரம் வழங்குகிறார். பாராளுமன்றம் வரி விதிக்கிறது.

வரி என்றவுடன் ஒரு விளக்கம். நாம் மீள்நிரப்பும் பணம் முழுவதும் கம்பனிக்குப் போவதில்லை. தொலைத்தொடர்பு வரியும், 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியும் அதில் அடங்கும். வரி வருமானம் குறைந்த கூலித் தொழிலாளியும் பெரிய முதலாளியும் இதை ஒரே வீதத்தில் செலுத்துகின்றனர். இதற்கு மேலதிகமாக, வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகள் மீது 2003 முதல் அபிவிருத்திக் கட்டணமொன்று அறவிடப்பட்டது. கிராமங்களுக்குச் சேவையை விரிவாக்குவது அதன் நோக்கங்களில் ஒன்று. மத்திய கிழக்கில் உழைத்த எமது பெண்கள் வீட்டுக்குப் பேசிய ஒவ்வொரு நிமிடமும் அந்த நிதிக்குப் பங்களித்தது. அப்பணம் எமது பிரதேசத்துக்கு எவ்வளவு வந்தது என்று கேட்க எமக்கு முழு உரிமை உண்டு.

மூன்று கதிரைகளிலும் இருப்பவர்கள் உண்மையில் வெவ்வேறானவர்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அரசாங்கம் ஒரு கம்பனியின் பெரிய பங்காளி. அதே அரசாங்கமே எல்லாக் கம்பனிகளுக்கும் நடுவராக இருக்கும் ஆணைக்குழுவையும் நியமிக்கிறது. நடுவர் அரசியலிலிருந்து விலகி நிற்பது எவ்வளவு அவசியம் என்பதற்குச் சமீப வரலாறே சாட்சி. 2018 மார்ச்சிலும், 2019 இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. 2019 மே மாதம் சிலாபத்தில் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு வரி மிரட்டலாக விளங்கிக்கொள்ளப்பட்டு, முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எமது மாவட்டத்தில் ஓர் உயிரும் பலியானது. வதந்தியைத் தடுப்பது அரசின் கடமை. ஆனால் முடக்கும் அதிகாரம் மக்களின் குரலை அடக்கவும் பயன்படலாம் என்பதை 2022 காட்டியது. இரண்டையும் நாம் மறக்கக்கூடாது.

கடலில் இருப்பவனுக்கு என்ன வழி?

கைத்தொலைபேசி கரையிலுள்ள கோபுரத்துடன் பேசுகிறது. கரையிலிருந்து விலக விலகச் சிக்னல் மெலிந்து அறுந்துபோகும். ஆகவே கைத்தொலைபேசியை மட்டும் நம்பித் தூரக் கடலுக்குப் போவது ஆபத்து. கடலில் அபாய அழைப்புக்கு உலகெங்கும் ஒதுக்கப்பட்டது வி.எச்.எப். வானொலியின் 16 ஆவது அலைவரிசை. பல நாட் படகுகளில் இருப்பிடத்தைக் காட்டும் செய்மதிக் கருவிகள் உள்ளன. 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் எமது மீனுக்குத் தடை விதித்து, 2016 இல் நீக்கிய காலத்தில் அவை கட்டாயமாயின. ஆனால் கண்டக்குழியிலோ உடப்பிலோ ஒரு நாட் தொழிலுக்குப் போகும் சிறிய பைபர் படகுகளில் அவை இல்லை. ஏற்றுமதி மீனைப் பிடிக்கும் படகுக்குக் கண்காணிப்பு உண்டு. எமது உணவுக்கு மீன் பிடிப்பவனுக்கு இல்லை.

கோபுரத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது மின்சாரத்தால் இயங்குகிறது. மின்சாரம் நின்றால் மின்கலம் சில மணித்தியாலங்கள் தாங்கும். அதன் பின் மின்பிறப்பாக்கியும் எரிபொருளும் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது புத்தளம் மாவட்டமும் வெள்ளத்தில் தவித்தது. மின்சாரமும் தொடர்புக் கம்பிகளும் பாதிக்கப்பட, நாட்டின் பல பகுதிகளில் மிகவும் தேவைப்பட்ட நேரத்திலேயே தொலைபேசிகள் ஊமையாயின. எனவே மின்கல வானொலியைத் தூக்கி எறிய வேண்டாம். சிலாபத்திலிருந்து புத்தளம் ஊடாக மன்னார் வரையான கடற்பரப்பு என்று வானிலை அறிக்கையில் வருவது எமது கடல். ஆலய மணியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கோவில் மணியும் இன்னும் எமது எச்சரிக்கைக் கருவிகளே.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, சில எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பொலிஸ் அவசர சேவை 119. சுவசெரிய அம்புலன்ஸ் 1990. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. சிறுவர் உதவி 1929. பெண்கள் உதவி 1938. அரச தகவல் நிலையம் 1919. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 1900. எழுத்தறியாத முதியோருக்கு இவற்றைப் பிள்ளைகள் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவதாக, முறைப்பாட்டை ஒழுங்காகச் செய்யுங்கள். முதலில் கம்பனிக்குச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அந்த இலக்கத்துடன் ஆணைக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பிரதியை வைத்திருங்கள். சிக்னல் இல்லாத குறையைத் தனி ஒருவர் எழுதுவதை விட மீனவர் கூட்டுறவுச் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ, எத்தனை குடும்பங்கள், அருகிலுள்ள பாடசாலை எது, எந்த நேரங்களில் தொடர்பு அறுகிறது என்ற விபரங்களுடன் எழுதினால் அதற்குக் கனம் உண்டு.

மூன்றாவதாக, தமிழிலேயே எழுதுங்கள். வட, கிழக்கு மாகாணங்களுக்கு வெளியே நிருவாக மொழி சிங்களம் என்றாலும், அரச அலுவலர் எவருடனும் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிற் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை உரிமை தருகிறது. வடமேல் மாகாணத்தில் இருப்பதால் எமக்கு அந்த உரிமை இல்லை என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நான்காவதாக, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். இது ஆணைக்குழுவுக்கு மட்டும் பொருந்துவதல்ல. அரசு 25 வீதம் அல்லது அதற்கு மேற்பட்ட பங்குகளை வைத்துள்ள கம்பனியும் இச்சட்டத்தின் கீழ் பொது அதிகாரசபையே. அரச அனுமதிப்பத்திரத்தின் கீழ் பொதுச் சேவை நடத்தும் தனியார் நிறுவனமும் அந்தச் சேவையைப் பொறுத்தளவில் இதனுள் அடங்கும். எமது பிரதேச செயலகப் பிரிவில் கோபுரம் அமைக்க என்ன திட்டம் உண்டு, அபிவிருத்திக் கட்டணத்தில் எவ்வளவு இங்கே செலவிடப்பட்டது என்று கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாய்மூலம் கேட்டால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். இறுதியில் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவரை போகலாம்.

ஐந்தாவதாக, கோபுரம் அமைக்கப்படுவதற்கு முன்பே விழிப்பாக இருங்கள். கட்டடத்துக்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். பிரதேச சபைக்கு நாம் தெரிவு செய்து அனுப்பியவர் எமது கேள்விகளை அங்கே கேட்க வேண்டும். கோபுரம் வேண்டாம் என்று கண்மூடித்தனமாக எதிர்ப்பதும், எங்கே வைத்தாலென்ன என்று விட்டுவிடுவதும் இரண்டும் தவறு. தேவையான இடத்தில் முறையான அனுமதியுடன் வருவதையே நாம் கேட்க வேண்டும்.

கம்பி போய் வானலை வந்துவிட்டது. ஆனால் வானலையும் பொதுச் சொத்தே. களப்பு எப்படி ஒருவருக்கு மட்டும் சொந்தமல்லவோ, அப்படியே எமது தலைக்கு மேலுள்ள அலைவரிசைகளும் நாட்டு மக்கள் அனைவருக்கும் சொந்தம். கம்பனிகள் அவற்றை அனுமதியோடு பயன்படுத்துகின்றன. அரசு அவற்றை எம் சார்பிற் பாதுகாக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த விடயத்தையும் சேர்த்து, உங்கள் கிராமத்தில் சிக்னல் எட்டாத இடங்களை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். அந்தத் தாளிலிருந்தே உங்கள் முதற் கடிதத்தை எழுதலாம்.